போர்டு இல்லாத கடையில் காலைக் காப்பி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியல் பக்கம் காலையில் எங்கே சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். இங்குள்ள சின்னக் கடைகளில் விலைப்பட்டியல் போர்டு பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அதில் எழுதியதில் பாதி அந்த நேரத்தில் கிடைக்காது. ஆறரைக்குப் புட்டு இறங்கும். எட்டு மணிக்குள் ஆப்பம் தீர்ந்து தோசைக்கல் சூடாகும். பத்துக்குக் கிழங்கும் மீன்கறியும் வந்துவிடும். ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்து "புட்டு இல்லியா?" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் மேல் குற்றமே இல்லை. அந்தப் புட்டு சாப்பிட வேண்டியவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயாயிற்று.

அவர்கள் யார் என்று தெரிந்துகொண்டால் மற்ற விஷயங்கள் எளிதாகப் புரிந்துவிடும். நான் ரப்பர் தோட்டங்களுக்கு வேண்டிய சாமான்கள் சப்ளை செய்கிறேன். பாலை உறைய வைக்கும் ஆசிட், வெட்டுக்கத்தி, மழைக்காலத்தில் மரத்தில் ஒட்டும் பிளாஸ்டிக், பால் பிடிக்கும் சிரட்டையைத் தாங்கும் கம்பி, இப்படி. விடிகிற நேரத்துக்கே பைக்கை எடுத்தால்தான் தோட்டக்காரர்களைப் பிடிக்க முடியும் என்பதால், வீட்டில் காலைச் சாப்பாடு எனக்கு ஞாயிற்றுக்கிழமை விஷயமாகிப் பல வருடம் ஆகிறது. மற்ற நாளெல்லாம் ரோட்டோரக் கடைகள்தான்.

ரப்பர் மரத்தை வெட்டுவது விடிவதற்கு முன்பு. இரவுக் குளிரில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் நன்றாக இருக்கும். அப்போது பட்டையைச் சீவினால் பால் தாராளமாக ஓடும். வெயில் ஏறிவிட்டால் மரம் தன் ஈரத்தை இலை வழியாக விட ஆரம்பித்துவிடும், பாலும் குறைந்துவிடும். அதனால் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மூன்று, நான்கு மணிக்கே இறங்குவார்கள். வெட்டி முடித்த பிறகும் சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டே இருக்கும். அது நிற்கும்வரை எடுக்கப் போக முடியாது. வெட்டுக்கும் எடுப்புக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளிதான் காலைக் காப்பி நேரம். ஆறரையிலிருந்து எட்டு வரை கடைகளில் பெஞ்ச் நிறைந்து வழிவது அதனால்தான். எல்லார் சட்டையிலும் பால் காய்ந்து கறுத்த திட்டுகள் இருக்கும். கை கழுவினாலும் போகாத ஒரு புளித்த வாசனை இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அது முதலில் ஒரு மாதிரி இருக்கலாம். புட்டு வந்தபின் மறந்துவிடும்.

கடைக்காரர்களும் இந்த மணிக்குத்தான் சமைக்கிறார்கள். மணலோடைக்குப் போகும் வழியில் நான் சாப்பிடுகிற கடையில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது ஒரு வயதான அம்மா. மாமி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஒரு மழைநாள் காலையில் போனபோது பாதிக் கடை காலி, புட்டுப் பானையும் ஒன்றுதான் ஏறியிருந்தது. என்ன மாமி இன்றைக்கு என்று கேட்டேன்.

"ராத்திரி மழ சத்தம் கேட்டா நான் மாவு பாதிதான் நனைப்பேன் மக்களே. பட்ட நனஞ்சா வெட்டு உண்டா? வெட்டு இல்லேன்னா ஆரு வருவா?"

பட்டை ஈரமாக இருந்தால் வெட்டுக்கோடு வழியாக ஓட வேண்டிய பால் மரமெங்கும் பரவி வீணாகும், சிரட்டையில் மழைத்தண்ணீரும் சேரும். அதனால் மழைக்காப்பு ஒட்டாத தோட்டங்களில் அன்றைக்கு வேலை இல்லை. மாமி படுக்கையில் கிடந்தபடியே ஓட்டின் மேல் விழும் சத்தத்தை வைத்து எத்தனை குற்றி, அதாவது எத்தனை குழல் புட்டு என்று கணக்குப் போட்டுவிடுகிறார். இலை உதிர்ந்து துளிர்க்கும் மாசி, பங்குனியில் பெரும்பாலான தோட்டங்கள் வெட்டை நிறுத்திவிடும். அப்போது சில கடைகள் காலையில் வெறும் சாயாவும் பழமுமாகச் சுருங்கிவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. ராத்திரி பெருமழை பெய்திருந்தால் மலையோரக் கடைகளுக்குச் சீக்கிரம் போங்கள். கூட்டம் இருக்காது, ஆனால் சாப்பாடும் கொஞ்சம்தான் இருக்கும்.

புட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஊரில் காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவன் புட்டில் நிற்காமல் போனால் யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

மாமி மாவு நனைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வறுத்த அரிசிமாவு பெரிய அலுமினியத் தட்டத்தில் இருக்கும். உப்புக் கலந்த தண்ணீரைக் கையில் எடுத்துத் தெளிப்பார், ஊற்றமாட்டார். தெளித்துத் தெளித்து விரலால் பிசிறிவிடுவார். இடையில் ஒருமுறை மாவைக் கைப்பிடிக்குள் இறுக்கிப் பார்ப்பார். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். உதிரவில்லை என்றால் காய்ந்த மாவு ஒரு கை. அப்புறம் ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விடுவார். குழலுக்குள் முதலில் தேங்காய், பிறகு மாவு, மறுபடி தேங்காய். மாவை அழுத்தித் திணிக்கக் கூடாது. திணித்தால் நடுவில் ஆவி ஏறாமல் வெள்ளை மாவாகவே நிற்கும். மேல்மூடித் துளை வழியாக ஆவி நூலாகக் கிளம்பி, அப்புறம் பலமாகச் சீற ஆரம்பித்ததும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டு எடுப்பார். குழலைத் தட்டுக்கு மேல் சாய்த்துப் பின்பக்கத்திலிருந்து குச்சியால் ஒரு தள்ளு. தேங்காய் வரிவரியாகத் தெரிய முழுசாக வந்து விழும்.

அந்த நிமிடத்திலிருந்து புட்டுக்கு ஆயுள் குறைந்துகொண்டே வரும். சூடு இருக்கிறபோது மென்மையாக இருக்கிற மாவு ஆறினதும் இறுகிவிடும், தொண்டையில் அடைக்கும். ஆகவே செல்போனில் படம் எடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பியுங்கள்.

துணைக்கு என்ன என்பதில் இரண்டு கட்சி உண்டு. பயறும் பப்படமும் ஒரு கட்சி, கடலைக்கறி இன்னொரு கட்சி. நான் பயறு கட்சி. சிறுபயறைக் குழையாமல் வேக வைத்து, தேங்காய், சீரகம், பூண்டு சதைத்துப் போட்டுப் புரட்டி எடுத்திருப்பார்கள். முழுப் புட்டையும் ஒரேயடியாக உடைத்துப் பயறைக் கொட்டிப் பிசைகிறவர்கள் பாதியில் திணறுவார்கள், ஏனென்றால் புட்டு ஈரத்தை முழுவதும் இழுத்துக்கொண்டு கட்டியாகிவிடும். ஒரு துண்டு உடையுங்கள், அதன் மேல் கொஞ்சம் பயறு, பப்படத்தைக் கையால் நொறுக்கித் தூவுங்கள், அந்தத் துண்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பப்படம் கடைசிவரை மொறுமொறுப்பாக இருக்க வேண்டுமானால் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பயறு மேல் வைக்கக் கூடாது. கடலைக்கறி கேட்டால் முறை வேறு. கொண்டைக்கடலையை வறுத்தரைத்த தேங்காயோடு குழம்பாகச் செய்திருப்பார்கள். புட்டை நன்றாக உதிர்த்து, குழம்பை ஊற்றியதும் நிறுத்தாமல் சாப்பிட்டுவிட வேண்டியதுதான். சிலர் பயறும் கேட்பார்கள், கடலையும் கேட்பார்கள். தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டின் ருசியும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

மூன்றாவதாகப் பழம். கடை வாசலிலேயே குலை தொங்கும். மட்டிப்பழம் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். விரல் நீளம்தான், தோல் மெலிசு, உரித்தால் வாசனை பக்கத்து ஆளுக்கும் போகும். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் விலை கொஞ்சம் ஏறினது என்னவோ உண்மை. மட்டி இல்லாவிட்டால் செந்துளுவனோ ரசகதலியோ இருக்கும். குலையிலிருந்து நீங்களே பறித்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மேல் சீப்புதான் முதலில் பழுக்கும், கீழே இருப்பதை இழுத்துவிட்டுக் காய் என்று புலம்பாதீர்கள். பழத்தைப் புட்டோடு சேர்த்துக் கையால் மசித்துவிட்டால் வேறு கறியே வேண்டாம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்த்த பிறகு அந்த இன்பத்தைக் குறைத்துக்கொண்டு, பாதிக் குற்றியும் பயறும் என்று வைத்திருக்கிறேன். பாதிக் குற்றி கேட்டால் மாமி முதலில் ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம் தருவார்.

தோலை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது உங்கள் பில். சாப்பிட்டு முடித்ததும் காசு மேசைக்குப் போனால் அங்கே இருப்பவர் "என்ன உண்டு?" என்று கேட்பார். நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஒரு குற்றி, ஒரு பயறு, ரெண்டு பப்படம், ரெண்டு பழம், ஒரு சாயா. யாரும் எழுதி வைப்பதில்லை, பின்னால் வந்து எட்டிப் பார்ப்பதும் இல்லை. பழத்தோலை எண்ணித்தான் நமக்கே எத்தனை தின்றோம் என்று தெரியும். நான் பார்த்தவரையில் இந்தக் கணக்கில் ஏமாற்றுகிறவர்களைவிட ஒரு வடை கூடுதலாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பணம் நோட்டாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். கீரிப்பாறை, கோதையாறு பக்கமெல்லாம் சிக்னல் போய்ப் போய் வரும். கியூஆர் அட்டை முன்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களால்தான் வரிசையே நீள்கிறது.

இதுவரை சொன்னது மாவட்டத்தின் மேற்குப் பக்கம். நாகர்கோவில், சுசீந்திரம், தோவாளைப் பக்கம் வந்தால் தட்டே மாறிவிடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரோடும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை. அந்தச் சமையல் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் போகப்போகத் திருநெல்வேலிக் கை தெரிய ஆரம்பிக்கும். இட்லியும் தோசையும் முன்னால் வரும், புட்டு பின்வாங்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. வடை பொரிப்பதிலிருந்து தாளிப்பு வரை அதுதான் என்பதால், சென்னைப் பக்கத்திலிருந்து வருகிற என் சொந்தக்காரர் ஒருவர் முதல் நாள் மூக்கைப் பிடித்தார், மூன்றாம் நாள் இரண்டாவது வடை கேட்டார்.

நாகர்கோவிலில் காலையில் கேட்க வேண்டியது தோசையும் ரசவடையும். பருப்பு வடையைப் பொரித்து ரசத்தில் போட்டு ஊற வைத்திருப்பார்கள். சின்னக் கிண்ணத்தில் ரசத்தோடு வரும். அதைத் தனியாகத் தின்று முடித்துவிட்டுத் தோசைக்குப் போகிறவர்களும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் வடையைத் தோசை மேலேயே உடைத்துப் போட்டு, ரசத்தைச் சுற்றி ஊற்றி, ஓரத்தில் தேங்காய்ச் சம்மந்தியை, அதாவது சட்னியை, வைத்துக்கொள்வார்கள். தோசை ரசத்தில் கொஞ்சம் ஊறி, வடைத்தூள் அதோடு சேர்ந்து, சம்மந்தியின் காரம் கடைசியில் வந்து இறங்கும். இங்கேயும் நேரம்தான் முக்கியம். சட்டியிலிருந்து எடுத்தவுடன் போட்ட வடையில் நடுப்பகுதி காய்ந்து கிடக்கும், ரொம்ப நேரம் கிடந்தது கரைந்து பருப்புக் குழம்பாகிவிடும். வடசேரி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் பரிமாறுகிற தம்பியிடம் "ஊறினது இருக்கா தம்பி?" என்று கேட்பேன். "இப்பந்தான் போட்டிருக்கு, செத்த இரிங்க அண்ணாச்சி" என்றால், முதலில் ஒரு தோசையைச் சம்மந்தியோடு முடித்துவிட்டு இரண்டாவது தோசைக்கு வடை வாங்குவேன். அந்தத் தம்பி அவசரத்துக்குப் பொய் சொல்லி ஊறாததைத் தள்ளிவிட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். கேட்காதவர்களுக்குக் கையில் அகப்பட்டதுதான்.

தோவாளைக்குப் பூ வாங்கப் போகிறவர்கள் இன்னும் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியிருக்கும். அங்கே பூச்சந்தை விடியற்காலையிலேயே சூடு பிடித்துவிடுவதால், சுற்றியுள்ள கடைகளில் இருட்டு விலகும் முன்பே இட்லி ரெடி. ஓணம் நெருங்குகிற வாரங்களில் கேரளத்து வண்டிகள் வந்து நிற்கும், அப்போது உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆப்பத்துக்கு எனக்குப் பிடித்தது மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் நடுவிலுள்ள கடைகள். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் இப்போது கடைகளில் மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட்தான். ஓரம் முறுகி நடு பஞ்சாக இருந்தால் சரி. முட்டைக்கறியோடு சாப்பிடலாம். இதற்குமேல் ஆப்பத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு சட்டம். கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள ஊர்களில் காலைத் திருப்பலியோ ஆராதனையோ முடிந்ததும் கடைவாசலில் ஒரே அலை. பொரோட்டா, ஆப்பம், இறைச்சிக்கறி எல்லாம் அந்தக் கூட்டத்தை வைத்துத்தான் அதிகமாகச் செய்வார்கள். கோயில் விடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய்விட்டால் இடமும் கிடைக்கும், கறியில் துண்டும் கிடைக்கும். பிந்திப் போனால் சாறுதான். அதே கடையில் தவக்காலத்தில் இறைச்சி குறைந்து மீனும் முட்டையும் கூடும். கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் அதிகமாகும்போது சில கடைகளில் அசைவமே நிறுத்திவிடுவார்கள். சாமிகள் வந்தால் வாசலில் நின்று "இங்க என்ன உண்டும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். மற்றவர்களும் அப்படிக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதி மனஸ்தாபம் வராது. ஞாயிறு முழுக்க மூடிவிடும் கடைகளும் உண்டு, சனிக்கிழமையே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக் கிழங்கைச் சொல்லாமல் விட்டால் கூலி வேலைக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் போனபோது இந்தப் பக்கத்து வயிறுகளைக் காப்பாற்றியதும் அந்தக் கிழங்குதான். வேக வைத்த தண்ணீரை வடித்து ஊற்றி, மஞ்சளும் உப்பும் தேங்காயும் சேர்த்துக் குழைத்துத் தருவார்கள். தண்ணீரைச் சரியாக வடிக்காத கிழங்கில் ஒரு கசப்பு நிற்கும். முதல் வாயிலேயே தெரிந்துவிடும், தெரிந்தால் சாப்பிடாமல் வைத்துவிடுவது நல்லது. கூடவே சாளை மீன்கறி, அல்லது மாங்காய் போட்ட நெத்திலி அவியல். காலை எட்டு மணிக்கு இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பத்து மணிக்கு, மண்வெட்டியை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வருகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம்.

மீன்கறிக்குப் போகிறவர்கள் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்துக்கு இரண்டும் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு, குளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்குக் கணக்கு. ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்கமும் அடைப்பு. அந்தச் சமயத்தில் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் வருகிற மீன்தான் நல்ல மீன், அது கொஞ்சமாகத்தான் வரும், விலையும் ஏறும். கடையில் அப்போது "மீன் எங்கேருந்து?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஐஸ் மீன் என்றால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். நான் அந்த மாதங்களில் முட்டைக்கு மாறிவிடுவேன்.

எல்லாக் கடையும் இப்படி நேர்மையாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. சுற்றுலாப் பயணிகள் இறங்குகிற ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், கொல்லத்திலிருந்து வந்த உறவினர் குடும்பத்தோடு ஒரு பெரிய ஓட்டலில் ஏறினோம். பளபளப்பான மெனு அட்டையில் பதினாறு வகைப் புட்டு. ஆர்டர் சொல்லி ஒரு நிமிடத்துக்குள் தட்டு வந்துவிட்டது. அதிலேயே எனக்குச் சந்தேகம். புட்டின் இரண்டு முனையும் சாம்பல் நிறத்தில் இறுகி, நடுவில் மட்டும் வேண்டாத ஈரம். நேற்றையதோ விடிகாலையில் செய்து வைத்ததோ, மறுபடி ஆவி காட்டித் தந்திருக்கிறார்கள். கடலைக்கறியில் புளிப்பு லேசாகத் தலைகாட்டியது. திருப்பி அனுப்பினோம். பில்லில் அதுவும் இருந்தது. சண்டை போட்டு எடுக்க வைக்க வேண்டியதாகிவிட்டது. புட்டு ஐந்து பத்து நிமிடம் காத்திருக்க வைத்தால் சந்தோஷப்படுங்கள். உட்காரும் முன் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பார்வை போடுங்கள். குழலில் ஆவி சீறுகிறதா, தேங்காய் அப்போதுதான் துருவியதா என்று பார்த்தால் போதும். ஆவி இல்லாத அடுப்பில் தோசையோ இட்லியோ வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பக்கத்து மேசையில் வேலைக்கார ஆட்கள் யாருமே இல்லாமல் முழுக்கக் கேமரா தொங்கவிட்டவர்களாகவே இருந்தால் எனக்குக் கால் உள்ளே போகாது. இது என் சொந்தப் பாரபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேசைகள் குறைவு என்பதால் தெரியாதவர் எதிரே உட்காருவது இங்கே சகஜம். "இரிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். காலியான இடத்தில் பையை வைத்துப் பிடித்துக்கொள்வதைத்தான் யாருக்கும் பிடிக்காது. குடிக்கத் தருகிற தண்ணீர் சில கடைகளில் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருக்கும். டம்ளர் கழுவவில்லை என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், பதிமுகக் கட்டையைப் போட்டுக் கொதிக்க வைத்தது. மற்ற இடங்களில் சீரகம் போட்டிருப்பார்கள். எது வந்தாலும் கொதித்த தண்ணீர்தானா என்று கேட்டுக்கொள்ளலாம். அருவியில் குளித்துவிட்டு வருகிற சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள்.

சாயா கடைசியில் சொல்லுங்கள், முதலில் சொன்னால் முதலிலேயே வந்து ஆறிவிடும். பாய்லருக்குப் பக்கத்தில் நிற்பவர் மேலிருந்து கீழே இழுத்து ஆற்றித் தருகிற சாயாவில் நுரை அடங்குவதற்குள் குடிக்க வேண்டும். "கடுப்பமா ஒண்ணு" என்றால் டிக்காஷன் தூக்கலாக வரும், "விதவுட்" என்றால் சர்க்கரை இல்லாமல். நிறைய கடைகளில் சர்க்கரையைக் கண்ணாடிக் கிளாஸின் அடியில் போட்டுத்தான் ஊற்றுகிறார்கள், கலக்கித் தருவதில்லை. அதனால் கடைசி மடக்கை விட்டுவிட்டாலே பாதி இனிப்பு குறைந்துவிடும். மலையோரத்தில் குளிர்காலம் என்றால் கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி கேட்டுப் பாருங்கள், இருந்தால் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புட்டைப் பார்சல் கட்டாதீர்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது கல். இடியாப்பமும் ஆப்பமும் தாங்கும், கறியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டால் பிளாஸ்டிக் பையில் சூடாக ஊற்ற வேண்டியதில்லை, சில கடைகளில் அரைக் கரண்டி கூடவே விழும். ரசவடை வேண்டுமானால் வடையைத் தாளிலும் ரசத்தைத் தூக்குவாளியிலும் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டில் ரசத்தைச் சூடாக்கி வடையைப் போட்டு மூடிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வையுங்கள். இரண்டு மூன்று தோசை சுட்டு எடுக்கிற நேரத்தில் வடை பதமாக ஊறியிருக்கும்.